மண்ணுக்குள் ஒரு வில்லங்கம்: நியூ ஜெர்சியில் பழைய வீடு வாங்கும் முன்

ஊரில் வீடு வாங்கும்போது தாய்ப்பத்திரம் பார்ப்போம், 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம், வக்கீலிடம் ஒப்பினியன் வாங்குவோம். எடிசன், ஐஸ்லின், பார்சிப்பனி பக்கம் வீடு தேடும் நம்மவர்களும் அதே கவனத்தோடுதான் டைட்டில், அதாவது உரிமை ஆவணம், பார்க்கிறார்கள். ஆனால் இங்கே ஆளைச் சாய்க்கிற வில்லங்கம் பத்திரத்தில் ஏறுவதே இல்லை. டைட்டில் இன்சூரன்ஸும் அதற்குப் பொறுப்பேற்காது. வாசல் புல்தரைக்கு இரண்டு மூன்று அடி கீழே துருப்பிடித்துக் கிடக்கும் ஆயில் டேங்க்தான் அது.

வீட்டைச் சூடாக்கும் தேவை நமக்கு ஊரில் இருந்ததில்லை. அதனால்தான் இந்தக் கேள்வி நம் வாயில் வருவதில்லை. இங்கே 1970களுக்கு முன் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் எண்ணெய் எரித்துத்தான் குளிர் காய்ந்தார்கள். கேஸ் லைன் வந்ததும் பாய்லரை மாற்றினார்கள், டேங்க்கை அப்படியே மண்ணுக்குள் விட்டுவிட்டார்கள். பரவலாகக் கிடைப்பது 550 கேலன் டேங்க்: சுமார் 4 அடி விட்டம், 6 அடி நீளம், பூச்சு ஏதுமில்லாத இரும்புத் தகடு. வெளியே ஈர மண் அரிக்கும். உள்ளே, எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் தங்கி அரிக்கும். ஓட்டை பெரும்பாலும் அடிவயிற்றில்தான் விழும், அதுவும் ஊசிமுனை அளவில். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

லோன் அப்ரூவல், ஆஃபர், அட்டர்னி, ஹோம் இன்ஸ்பெக்ஷன் இதையெல்லாம் ரியல்டரே (வீட்டுத் தரகரே) நடத்திக்கொடுப்பார். ஒன்றை மட்டும் நீங்களே கேட்டு வாங்க வேண்டும். சாதாரண ஹோம் இன்ஸ்பெக்ஷனில் டேங்க் தேடுவது சேராது. ‘டேங்க் ஸ்வீப்’ என்று தனியாகச் சொல்லி, தனியாகச் சில நூறு டாலர் கொடுக்க வேண்டும். இன்று வீட்டில் கேஸ் இருக்கிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

வீடு பார்க்கப் போகும்போது கையில் ஒரு டார்ச் இருக்கட்டும். பேஸ்மென்ட் சுவரிலோ, சுவரும் தரையும் சேரும் இடத்திலோ சுண்டுவிரல் கனத்தில் இரண்டு செப்புக் குழாய்கள் வந்து நிற்கின்றனவா பாருங்கள். ஒன்று எண்ணெய் வரும் வழி, மற்றது திரும்பும் வழி. பல வீடுகளில் அவற்றை வெட்டி, நுனியைச் சுத்தியலால் நசுக்கி, மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள். தரையில் வட்டமாகவோ நீளமாகவோ புதுச் சிமென்ட் பூச்சு இருந்தாலும் சந்தேகப்படுங்கள். வெளியே சுவரோரம் குடைமூடியோ வளைந்த முனையோ போட்ட மெல்லிய குழாய் நின்றால் அது டேங்க்குக்கான காற்றுக்குழாயாக இருக்கலாம். பேஸ்மென்ட் படிக்கட்டின் மேலே ‘ஆயில் பர்னர்’ என்று எழுதிய சிவப்பு ஸ்விட்ச் பலகை இன்னும் மாட்டியிருக்கும் வீடுகளும் உண்டு.

ஸ்வீப் அன்று டிரைவ்வேயில் கார் நிற்கக்கூடாது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டேங்க்கைத் தேடும் மெட்டல் டிடெக்டர், கார், இரும்பு வேலி, கம்பி போட்ட கான்கிரீட் இவற்றின் பக்கத்தில் குழம்பிவிடும். அங்கெல்லாம் தரையூடுருவும் ரேடார் வேண்டும். பின்னால் சேர்த்துக் கட்டிய அறை, டெக் இவற்றின் அடியை எப்படிப் பார்த்தார்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதோடு டவுன் கிளார்க்கிடம் ‘ஓப்ரா’ (பொது ஆவணங்களைக் கேட்டுப் பெறும் மாநிலச் சட்டம்) விண்ணப்பம் போட்டு அந்த முகவரிக்கான எல்லா பெர்மிட்டுகளையும் கேளுங்கள். பொதுவாக 7 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இனிதான் உண்மையான கண்ணி. டேங்க் இருந்தது தெரிந்ததும் விற்பவர் தரப்பு ஒரு காகிதத்தை நீட்டும்: “மணல் போட்டு நிரப்பியாயிற்று, டவுன் இன்ஸ்பெக்டர் கையெழுத்தும் இருக்கிறது.” எடிசனில் நண்பர் ஒருவர் இதை நம்பித்தான் வாங்கினார். வருடங்கள் கழித்து விற்கப் போனபோது, வாங்க வந்தவரின் அட்டர்னி மண் பரிசோதனை முடிவைக் கேட்டார். அப்படி ஒன்று இல்லவே இல்லை. துளை போட்டுப் பார்த்தால் அடியில் எண்ணெய். செலவு முழுக்க நண்பர் தலையில். டேங்க்கை மூடியதற்கான பெர்மிட் வேறு, மண் சுத்தம் என்பதற்கான சான்று வேறு. முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருக்கும் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். லேப் ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

சட்டமும் கடுமையானது. 1993 செப்டம்பர் 14க்குப் பிறகு வாங்கிய இடத்தில் ஏற்கெனவே கசிவு இருந்து, அது உங்களுக்குத் தெரிந்திருந்தாலோ தெரிந்திருக்க வேண்டியதாக இருந்தாலோ, பொறுப்பு உங்களையும் சேரும். கசியவிட்டவர் யார் என்பது உங்களைக் காப்பாற்றாது. வீட்டு இன்சூரன்ஸ் பாலிசிகளில் மாசுபாட்டுக்கு விலக்கு போட்டிருப்பது சகஜம்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் கிடைக்கும் 3 வேலை நாள் அட்டர்னி ரிவ்யூவை, அதாவது உங்கள் வக்கீல் ஒப்பந்தத்தைப் பார்த்துத் திருத்தக் கேட்கும் அவகாசத்தை, வீணாக்காதீர்கள். டேங்க் கிடைத்தால் விற்பவர் தன் செலவில் எடுக்க வேண்டும், மண் மாதிரி எடுக்க வேண்டும், கசிவு இருந்தால் சுத்தம் செய்து ‘நோ ஃபர்தர் ஆக்ஷன்’ (இனி நடவடிக்கை தேவையில்லை) என்ற மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் கடிதம் வந்த பிறகே க்ளோசிங் (வீடு கைமாறும் இறுதிக் கட்டம்), இல்லையென்றால் டெபாசிட் திரும்ப வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். “கொஞ்சம் பணத்தை எஸ்க்ரோவில் வைக்கிறோம், க்ளோசிங் முடியட்டும்” என்பார்கள்; அதாவது மூன்றாம் நபரிடம் பிடித்து வைப்பது. வேண்டாம். எவ்வளவு மண்ணைத் தோண்ட வேண்டும் என்று தோண்டும் வரை யாருக்கும் தெரியாது. கசியாத டேங்க்கை எடுப்பது சில ஆயிரம் டாலரில் முடியும். கசிந்த மண்ணை டன் கணக்கில் எடை போட்டு வெளியேற்றுவார்கள். எண்ணெய் அஸ்திவாரத்துக்கு அடியிலோ நிலத்தடி நீருக்கோ போயிருந்தால் பில் லட்சம் டாலரையும் தொடலாம்.

டேங்க் எடுக்கிற அன்று நீங்களோ உங்கள் இன்ஸ்பெக்டரோ அங்கே நில்லுங்கள். டவுன் பெர்மிட்டும், தோண்டும் முன் அழைக்க வேண்டிய 811 எண்ணுக்குச் சொல்லி, மண்ணுக்குள் போகும் எரிவாயுக் குழாய், மின் கம்பிகளுக்கு அடையாளம் போட்டதும் முடிந்திருக்க வேண்டும். மேல்தகட்டை வெட்டி, மிச்ச எண்ணெயை உறிஞ்சி, உள்ளே இறங்கிக் கசடைத் துடைத்த பிறகுதான் வெளியே தூக்குவார்கள். தூக்கியதும் அடிப்பக்கத் துருவைச் சுரண்டச் சொல்லிப் படம் எடுங்கள். துரு அடைத்திருந்த துளை அப்போதுதான் தெரியும். ஓட்டை இல்லை என்றாலும் குழியின் அடியில் இரு முனைகளிலிருந்தும் மண் எடுத்து லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதற்குள் குழியை மூட அவசரப்படுவார்கள், விடாதீர்கள். கசிவு தெரிந்தால் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் 1-877-927-6337 எண்ணுக்கு உடனே சொல்லி, அவர்கள் தரும் பதிவு எண்ணை (case number) எழுதி வாங்க வேண்டும். பின்னால் வரும் கடிதத்தில் அதே பதிவு எண்ணும் உங்கள் வீட்டு மனையைக் குறிக்கும் பிளாக், லாட் எண்களும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, அதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.