கீழே கடை, மேலே வீடு: மாடிப்படியைப் பின்னால் தள்ளாதீர்கள்

போன வாரம் திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டை மாற்றிக் கட்டும் வரைபடத்தைக் காட்டினார்கள். கீழே மூன்று கடை, மேலே இரண்டு மாடியிலும் குடித்தனம். வரைந்த தம்பி கெட்டிக்காரர். ஆனால் பதினைந்து வருடத்துக்கு முன் நான் செய்த தவறு அப்படியே அதில் இருந்தது.

அனுமதி வாங்குங்கள், சுவரைச் சோதியுங்கள் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அதற்குள் நான் போகவில்லை.

மாடிப்படி

அந்தத் தவறு நடந்தது மயிலாப்பூரில். மாட வீதிக்குப் பக்கத்தில், 22 அடி முகப்புள்ள வீடு. "சார், ரோட்டுப் பக்கம் ஓர் அடிகூட வீணாகக் கூடாது" என்றார் உரிமையாளர். நானும் தலையாட்டினேன். முகப்பு முழுக்க ஷட்டர், படி பின்பக்கம். மேலே போகிறவர்களுக்கு மூன்றடிச் சந்து. அதிலும் கடைக்காரரின் அட்டைப்பெட்டிகள், இரண்டு பைக். சிலிண்டர் கொண்டுவருபவர் ஒவ்வொரு முறையும் பைக்கை நகர்த்த வேண்டும். இரவு ஷட்டர் இறங்கினால் வாசலில் ஒரு விளக்கும் கிடையாது. ட்யூஷன் முடிந்து வரும் பெண் சந்துமுனையில் நின்றுகொண்டு அப்பாவைக் கூப்பிடுவாள்.

ஒரு ராத்திரி இரண்டாம் மாடிப் பாட்டிக்கு மூச்சுத்திணறல். 108 வந்துவிட்டது, ஆனால் படியின் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். பாட்டி பிழைத்துக்கொண்டார். அடுத்த மாதமே அந்தக் குடும்பம் காலி செய்தது. அப்புறம் மற்றவர்களும். மேல்மாடி குடோன் ஆனது.

பிறகு படியை முன்பக்கம் கொண்டுவந்தோம். அது மெட்ராஸ் டெரஸ் தளம்: தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் சுண்ணாம்பில் அடுக்கியது. நினைத்த இடத்தில் ஓட்டை போட முடியாது. வெட்டுப்பட்ட ஒவ்வொரு கட்டைக்கும் இரும்பு உத்திரத்தைத் தாங்கலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு கடை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. படிக்கு விடாமல் கடையோடு சேர்த்த ஐந்தடி முகப்புக்கு வந்த வாடகையெல்லாம் இதில் போய், மேலும் கடன் வாங்கினார் உரிமையாளர். இன்றும் அந்தத் தெரு வழியாகப் போனால் எனக்கு மனசு ஆறாது.

முகப்பில் ஐந்தடியை முதலில் படிக்கு எடுத்து வையுங்கள், மீதிதான் கடை. தரையில் சாக்பீஸால் திருப்பத்தை வரைந்து, ஒரு கட்டிலைத் திருப்பிப் பாருங்கள். வாசலை ஒட்டி ஒன்றரையடித் திண்ணை விடுங்கள். கடை மூடியபிறகும் அங்கே யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட்

பழைய சுவர் உறிஞ்சும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகத்தான் வெளியேறும். சிமெண்ட் பூசினால் அது உள்ளேயே தங்கி, ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பூச்சு உப்பி விழும்.

டிபன் கடை

கீழே டிபன் கடை வருவதானால், புகைக்குழாயை மொட்டைமாடிக்கு மேலே கொண்டுபோங்கள். முதல் வரைபடத்திலேயே.

மீட்டர்

கடைக்கும் வீட்டுக்கும் மின்கட்டணம் வேறு. தனித்தனி இணைப்பு.

கடையில் வேலை செய்பவர்கள்

ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே வந்தது. நாற்காலிக்கு இடம் விடுங்கள், கழிப்பறையும் வையுங்கள். காலையிலிருந்து இரவு வரை நிற்கும் பெண்கள் அதற்காகப் பக்கத்து ஓட்டலுக்குப் போய்க் கேட்டு நிற்கக் கூடாது.