மூல அரேயைத் தொடாமல் தலைகீழாக்குவது எப்படி?

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சாட் திரை செய்துகொண்டிருந்தேன். புதிய செய்தி மேலே வர வேண்டும். சர்வரிலிருந்து வரும் அரேயிலோ (மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் பட்டியல்) பழையது முதலில். திரையை வரையும் ஃபங்ஷனுக்குள், வரிசையைத் திருப்பும் ரிவர்ஸ்() சேர்த்தேன், சரியாக வந்தது. ஒரு செய்திக்கு லைக் போட்டதும் மொத்த வரிசையும் புரண்டது. இன்னொரு லைக் போட்டால் மறுபடி சரி. அரை நாள் சர்வர் பக்கமே தேடிக்கொண்டிருந்தேன்.

ஜாவாஸ்கிரிப்டில் ரிவர்ஸ்() புது அரே எதையும் உருவாக்குவதில்லை. கொடுத்த அரேயையே இருந்த இடத்தில் புரட்டிவிட்டு, அதையே கையில் தருகிறது. குழப்பம் இங்கேதான். விடையை வேறொரு மாறியில் வாங்கி வைத்தால் இரண்டு அரே இருப்பதுபோலத் தோன்றும். இருப்பது ஒன்று, பெயர்தான் இரண்டு. மாறியை அறிவிக்கும்போது கான்ஸ்ட் போட்டிருந்தாலும் பயனில்லை. அந்தப் பெயருக்கு வேறு மதிப்பு கொடுப்பதை மட்டுமே அது தடுக்கும். என் திரையில் ஒவ்வொரு முறை வரையும்போதும் அதே அரே மறுபடி புரண்டது, அவ்வளவுதான். வரிசை இப்படி மாறி மாறி வந்தால் முதலில் ரிவர்ஸ்() எங்கே என்று தேடுங்கள்.

இன்றைக்கு நல்ல வழி டூரிவர்ஸ்ட்(). ‘டூ’, ‘ரிவர்ஸ்ட்’ என்ற இரண்டு சொல்லையும் ஒட்டி எழுத வேண்டும். நடுவில் வரும் ‘ஆர்’ மட்டும் பெரிய எழுத்து. மூலம் அப்படியே இருக்கும், திருப்பிய புது அரே கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையின் 2023 பதிப்பான இஎஸ் 2023-இல் வந்தது. குரோம் 110, சஃபாரி 16, ஃபயர்ஃபாக்ஸ் 115, நோட்.ஜேஎஸ் 20 முதல் வேலை செய்யும்.

அதற்கும் பழைய பிரவுசர்கள் வேண்டுமென்றால் முதலில் ஸ்லைஸ்(), அதன் வாலில் ரிவர்ஸ்(). அடைப்புக்குறிக்குள் எதுவும் கொடுக்காத ஸ்லைஸ்() முழு அரேயையும் நகலெடுக்கும். வரிசை மாறி ரிவர்ஸ்() முன்னால் வந்துவிட்டால் மூலம் போனது போனதுதான். சதுர அடைப்புக்குள் மூன்று புள்ளி வைத்து அரேயை விரித்தும் நகலெடுக்கலாம். பக்கத்திலுள்ள உறுப்புகளைத் தேடும் குவெரிசெலக்டர்ஆல்() தரும் நோட்லிஸ்ட் என்ற பட்டியலில் ஸ்லைஸும் இல்லை, ரிவர்ஸும் இல்லை. அங்கே நான் மூன்று புள்ளியைத்தான் போடுவேன்.

இந்த நகல்கள் எல்லாமே மேலோட்டமானவை. வரிசைதான் புதிது, உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட்டுகள் பழையவையே. திருப்பிய அரேயில் ஒரு செய்தியின் உரையைத் திருத்தினால் மூலத்திலும் திருத்தப்பட்டிருக்கும்.

கடைசியிலிருந்து படித்தால் மட்டும் போதுமா? அப்போது நகலே வேண்டாம். நீளத்தில் ஒன்று குறைத்துத் தொடங்கி, பூஜ்யம் வரை இறங்கும் ஒரு ஃபார் லூப் போதும்.

அரேயை வரிசைப்படுத்தும் சார்ட்() கூட மூலத்தையே மாற்றும் இதே ரகம்தான். அதற்கு டூசார்ட்டட்() இருக்கிறது. இப்படி வேறு யார் மூலத்தைத் தொடுகிறார்கள் என்று பிடிக்க, சோதனை நேரத்தில் அரேயை மாற்ற முடியாதபடி ஆப்ஜெக்ட்.ஃப்ரீஸ்() செய்துவிடுங்கள். குறைந்தது இரண்டு உறுப்புகள் இருந்தால், ரிவர்ஸ்() கைவைத்த உடனே டைப்எரர் என்ற பிழை வரும், எந்த வரி என்பதும் கன்சோலில் தெரியும். அந்த அரை நாளை முடித்துவைத்தது இதுதான்.