பனிப்புயலுக்கு முந்தைய பத்து நாட்கள்: ஒரு வானிலைப் பித்தனின் செய்முறை

பத்து நாட்களுக்கு அப்பால் ஒரு பனிப்புயல், வானிலையைக் கணிக்கும் கணினி மாடலின் படத்தில் தலைகாட்டியதும் என் கை தானாகவே கைப்பேசியை எடுக்கும். யாருக்காவது உடனே அனுப்ப வேண்டும் என்று துடிக்கும். அந்தக் கையைக் கட்டிப்போடுவதுதான் முதல் பாடம். அதைக் கற்க எனக்கு மூன்று குளிர்காலங்கள் ஆயின. ஒருமுறை 70 சென்டிமீட்டர் பனி என்று ஊதா நிறத்தில் மின்னிய படம் ஒன்றைக் குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்பிவைத்தேன். அக்கா தன் பயணத்தையே ரத்து செய்தாள். அன்று விழுந்தது வெறும் தூறல். அதன்பிறகு இரண்டு ஆண்டுகள், நான் "மழை வரும்போல் இருக்கிறது" என்று சொன்னாலே வீட்டில் துணி காயப்போடக் கிளம்பிவிடுவார்கள்.

நம்மைப் போன்றவர்களுக்குப் புயல் பிடிக்கும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்து, மாடலின் புதிய ஓட்டம், அதாவது புதிதாகக் கணக்கிட்ட கணிப்பு, வந்துவிட்டதா என்று பார்க்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எப்படியும் விழித்திருக்கப் போகிறோம். அந்த விழிப்பு வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் பயன்படட்டும். அதற்கு முதலில் வேண்டியது ஒரு நோட்டு. தேதி, எந்த மாடல், எந்த நேரத்து ஓட்டம், என் கணிப்பு, அதில் எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று ஒவ்வொரு நாளும் பேனாவால் எழுதுகிறேன். பென்சில் கூடாது. பின்னால் அழிக்கத் தோன்றும்.

பத்தாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை

அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல் யுடிசி என்னும் உலகப் பொது நேரப்படி 0, 6, 12, 18 மணி என்று ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது. 16 நாட்கள் வரை படம் தருகிறது. அந்தக் கடைசி வாரம்தான் வினை. அங்கே தெரியும் பூதாகாரப் புயல்களில் பெரும்பாலானவை அடுத்த ஓட்டத்திலேயே காணாமல் போகும். ஐரோப்பிய நடுத்தரகால முன்கணிப்பு மையத்தின் மாடலும் இந்தத் தொலைவில் கற்பனைக்கு இடம் கொடுப்பதுதான், சற்று நாகரிகமாக.

ஒற்றை ஓட்டத்தை விட்டுவிட்டுக் குழுக் கணிப்பைப் பாருங்கள். தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஒரே மாடலைப் பலமுறை ஓட்டுவதற்குத்தான் அந்தப் பெயர். ஒவ்வொரு ஓட்டமும் ஓர் உறுப்பு. ஐரோப்பிய மையத்தில் 51 உறுப்புகள், அமெரிக்காவில் 31. நான் அந்த 51 சிறு படங்களையும் பொறுமையாக எண்ணுவேன்: எத்தனையில் தாழ்வு மையம் எங்கள் பக்கம் வருகிறது, எத்தனையில் விலகிப் போகிறது? எட்டு என்றால் நோட்டில் எட்டு என்று எழுதிவிட்டுத் தூங்கப் போவேன். மறுநாள் அது 15 ஆகி, அதற்கடுத்த நாள் 24 ஆனால் நிமிர்ந்து உட்காரலாம். சராசரிப் படத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். பாதி உறுப்புகள் 40 சென்டிமீட்டரும் மீதிப் பாதி சுழியமும் சொன்னால் சராசரி 20 என்று காட்டும். அந்த 20-ஐச் சொன்ன உறுப்பு ஒன்றுகூட இருக்காது.

இந்தக் கட்டத்தில் எனக்கு ஒரே விதி: புயல் வராமல் போனாலும் வீணாகாத வேலைகளை மட்டும் செய்வது. டார்ச்சில் பேட்டரி மாற்றுவது, தீரப்போகும் மருந்துகளை வாங்கி வைப்பது, கார்பன் மோனாக்சைடு (எரிபொருள் புகையில் வரும் நச்சு வாயு) அலாரத்தை அழுத்திப் பார்ப்பது. யாரிடமும் எதுவும் சொல்வதில்லை.

ஐந்தாம் நாள் முதல் மூன்றாம் நாள் வரை

இப்போது பாதை முக்கியம். புயலை உருவாக்கப்போகும் மேலடுக்குச் சுழற்சி இன்னும் கடலுக்கு மேலே இருந்தால் மாடல்கள் தள்ளாடும். அது நிலத்துக்கு வந்து, நாளுக்கு இரண்டு முறை 0, 12 மணிக்குப் பறக்கவிடப்படும் வானிலை பலூன்களின் வலைக்குள் சிக்கிய பிறகு கணிப்பு பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆகவே அந்தச் சுழற்சி எப்போது கரையேறுகிறது என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்த 0 மணி ஓட்டத்துக்காக நள்ளிரவில் எழுந்தால் அர்த்தம் உண்டு. மற்ற இரவுகளில் தூங்கலாம்.

அப்படியும் தவறும். 2015 ஜனவரி 26, 27 தேதிகளில் நியூயார்க் நகரத்துக்கு 60 சென்டிமீட்டருக்கு மேல் பனி என்று எச்சரித்தார்கள்; சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். சென்ட்ரல் பார்க்கில் அளந்தது 9.8 அங்குலம், சுமார் 25 சென்டிமீட்டர். ஊரே கேலி செய்தது. ஆனால் அதே புயல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் 34.5 அங்குலத்தை, அதாவது 88 சென்டிமீட்டரைக் கொட்டியது. புயல் பொய்க்கவில்லை, பனிப்பட்டையின் விளிம்புதான் கொஞ்சம் கிழக்கே நகர்ந்தது. அந்த விளிம்பு கத்திபோல் கூர்மையானது. நீங்கள் விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கிறீர்களா, நடுவில் இருக்கிறீர்களா என்பதையே முதலில் பாருங்கள். விளிம்பில் இருப்பவர் உறுதியாக எதுவும் சொல்லக் கூடாது.

காற்றழுத்தத்தையும் கவனியுங்கள். 60 டிகிரி அட்சரேகையில் 24 மணி நேரத்துக்குள் மைய அழுத்தம் 24 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) இறங்கினால் அது "வெடிப்பு" வளர்ச்சி என்று வானிலை ஆய்வாளர்கள் சாண்டர்ஸும் கியாகமும் 1980-ல் வரையறுத்தார்கள். 40 டிகிரியில் சுமார் 18 இறங்கினாலே போதும். அப்படி ஒரு புயல் என்றால் பனியைவிடக் காற்றுக்குத்தான் அதிகம் தயாராக வேண்டும்.

என்ன விழப்போகிறது?

நம்மில் பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். நானும் விட்டேன்.

ஒரு குளிர்காலத்தில் பனி வரைபடம் எங்கள் பகுதிக்கு வெறும் 5 சென்டிமீட்டர் காட்டியது. கொட்டாவி விட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "தம்பி, இது நிஜப் புயலா, உன் கைப்பேசிப் புயலா?" என்றார். "ஒன்றுமில்லை ஐயா, நிம்மதியாக இருங்கள்" என்றேன். அன்றிரவு மழை பெய்தது. விழுந்த ஒவ்வொரு துளியும் தொட்ட இடத்திலேயே உறைந்தது. விடியும்போது கிளைகளின் மேல் விரல் கனத்துக்குக் கண்ணாடி. துப்பாக்கி சுட்டதுபோல் கிளைகள் முறிந்தன. மூன்று நாட்கள் மின்சாரம் இல்லை. பெரியவர் போர்வைகளுக்குள் சுருண்டு கிடந்தார். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

நடப்பது இதுதான். மேகத்தில் பனியாகப் புறப்படுவது வழியில் ஒரு வெப்ப அடுக்கைக் கடக்கலாம். அங்கே உருகிவிட்டு, அதற்குக் கீழே ஆழமான குளிர் அடுக்கு இருந்தால் மறுபடி உறைந்து குருணையாக விழும். சன்னலில் அரிசி இறைத்ததுபோல் சத்தம் கேட்கும். கீழே உள்ள குளிர் அடுக்கு மெல்லியதாக இருந்தால் உறைய நேரம் இருக்காது. நீராகவே வந்து, சுழியத்துக்குக் கீழே இருக்கும் கம்பியிலும் சாலையிலும் கிளையிலும் பட்டு உறையும். அதுதான் உறைமழை. தரையில் மைனஸ் 2 டிகிரி இருக்கிறது, ஆகவே பனிதான் என்று முடிவு கட்டினால் நான் பட்ட பாடுதான் உங்களுக்கும்.

எனவே 850 ஹெக்டோபாஸ்கல் வரைபடத்தைத் திறங்கள்; கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்து வெப்பநிலை அது. சுழியக் கோடு உங்களுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அதோடு நிறுத்தாதீர்கள்: வெப்ப மூக்கு, அதாவது அந்த வெப்ப அடுக்கு, 850-க்கு மேலே, 800 அல்லது 750-ல் ஒளிந்துகொள்வதும் உண்டு. உயரம் முழுவதற்குமான வெப்பநிலைக் கோட்டுப்படத்தில் எங்கேனும் கோடு சுழியத்துக்கு வலப்புறம் பிதுங்கினால், அந்தப் பிதுக்கம்தான் வில்லன்.

பனிக் கணக்கிலும் ஒரு பொறி. ஒரு மில்லிமீட்டர் நீர் ஒரு சென்டிமீட்டர் பனி ஆகும் என்ற 10-க்கு 1 விகிதத்தில்தான் பல வரைபடங்கள் வரையப்படுகின்றன. கடுங்குளிரில், மேகம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 18-க்கும் இடைப்பட்ட அடுக்கில் செழிப்பாக இருந்தால், நட்சத்திரப் படிகங்கள் வளர்ந்து விகிதம் 15, 20 என்று உயரும். சுழியத்தை ஒட்டிய ஈரப்பனியில் அது ஐந்தாகவும் இறங்கும். சில வரைபடங்கள் குருணையையும் பனிக் கணக்கில் சேர்த்துவிடுகின்றன. 70 சென்டிமீட்டர் ஊதாப் படங்களில் சில அப்படிப் பிறந்தவையே.

உறைமழைக்குச் சென்டிமீட்டர் வேண்டாம், மில்லிமீட்டரே போதும். ஆறு மில்லிமீட்டர் படிந்தால் கிளைகள் முறியத் தொடங்கும். பன்னிரண்டு என்றால் மின்கம்பிகள் அறுந்து விழுவதை எதிர்பார்க்கலாம். 1998 ஜனவரியில் கிழக்குக் கனடாவில் சில இடங்களில் 100 மில்லிமீட்டர் வரை உறைமழை பெய்தது. உயரழுத்த மின்கோபுரங்கள் நூற்றுக்கணக்கில் மடிந்து விழுந்தன. சில வீடுகளுக்கு ஒரு மாதம் கழித்தே மின்சாரம் திரும்பியது. கணிப்பில் உறைமழை கண்ணில் பட்டாலே மின்சாரம் போகும் என்று வைத்துக்கொண்டு தயாராகுங்கள்.

கடைசி இரண்டு நாட்கள்

இப்போது வாய் திறக்கலாம். படம் அனுப்புவதில்லை, நான்கு வரி அனுப்புகிறேன். "சனி மாலை ஆறு மணிவாக்கில் பனியாகத் தொடங்கும். நள்ளிரவுக்குப் பிறகு உறைமழையாக மாறலாம். ஞாயிறு முழுவதும் காரை எடுக்க வேண்டாம், மின்சாரம் போகலாம். நாளை இரவு எட்டு மணிக்கு மறுபடி சொல்கிறேன்." எவ்வளவு என்பதைவிட எப்போது, என்ன ஆகும் என்பதே கேட்பவருக்கு வேண்டும். அரசின் வானிலைத் துறை எச்சரிக்கை விடுத்துவிட்டால் அதையே எடுத்துச் சொல்லுங்கள். நம் சொந்தக் கணிப்பைப் போட்டிக்கு நிறுத்தும் நேரம் அல்ல அது.

வீட்டு வேலைகளில் நீரை முதலில் கவனிக்கிறேன். உறையும்போது நீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். குழாய் வெடிப்பது அதனால்தான். வெளிப்புறச் சுவரை ஒட்டிய குழாயை நூலிழையாக ஒழுகவிடுங்கள், கழுவுதொட்டிக்குக் கீழுள்ள அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள், முதன்மை வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். குடிநீரைப் பாத்திரங்களில் நிரப்புங்கள். குளிர்பதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24.

ஜெனரேட்டரைக் கொட்டகைக்குள் கூட வைக்கக் கூடாது. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில்தான். அடுப்புக்கரி வீட்டுக்குள் எரியவே கூடாது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் மின்சாரம் அற்றுப்போன குளிரில் 246 பேர் இறந்ததாக அந்த மாநில அரசு கணக்கிட்டது. குளிரில் விறைத்து இறந்தவர்களே அதிகம். கார்பன் மோனாக்சைடுக்குப் பலியானவர்களும் அதில் உண்டு.

காற்றுக் குளிர் எண்ணைத் தோலுக்காகப் பாருங்கள். மைனஸ் 20 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 33. குழாய்க்கு அந்த எண் பொருந்தாது. காற்று எவ்வளவு அடித்தாலும் குழாய் மைனஸ் 20-க்குக் கீழே போகாது, அங்கே சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவுதான். பனியை உருக்கப் பாதையில் தூவும் சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே மந்தமாகிவிடும் என்பதால் அந்தக் குளிரில் மணலே மேல்.

பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நான் இப்போதெல்லாம் பெரியவரிடம் கூடுதல் பேட்டரிகளைக் கொடுத்துவிட்டு, காலையில் அவர் திரைச்சீலையை விலக்கினால் நலம் என்று பொருள் என ஒப்பந்தம் செய்துகொள்கிறேன்.

புயல் நாள்

வெளியே போய்க் காணொளி எடுக்கும் ஆசை வரும். 56 கிலோமீட்டர் வேகக் காற்றில் பார்வைத் தொலைவு 400 மீட்டருக்கும் குறைந்து மூன்று மணி நேரம் நீடித்தால் அமெரிக்க இலக்கணப்படி அது பிளிசார்டு. 2022 டிசம்பரில் பஃபலோவில் அந்த நிலை 37 மணி நேரம் நீடித்தது. காரிலேயே சிக்கி இறந்தவர்கள் உண்டு. நீங்கள் சிக்கினால் காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். புகைக்குழாய் வாயிலில் பனி அடைக்காமல் பார்த்துக்கொண்டு, மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டுங்கள்.

வீட்டில் இருந்தபடியே செய்ய நல்ல வேலை அளப்பது. வெள்ளை வண்ணம் பூசிய பலகை ஒன்றை, சுவரும் மரமும் தள்ளிய இடத்தில், காற்று குவிக்காத தரையில் முன்கூட்டியே வையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து துடைக்கலாம். அதைவிட அடிக்கடித் துடைத்தால் பனி அமுங்க நேரமில்லாமல் கூட்டுத்தொகை வீங்கிவிடும். பக்கத்தில் ஒரு நீளக் குச்சியை நட்டுவையுங்கள். 2016 ஜனவரிப் புயலில் வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்திலேயே அளவுப் பலகை பனிக்குள் புதைந்து தொலைந்துபோய் பெரிய சர்ச்சையானது. பலகையைத் தேடி நானும் ஒரு தடவை முற்றத்தில் அரை மணி நேரம் தோண்டியிருக்கிறேன்.

நின்ற பிறகு பனியைத் தள்ளுங்கள், தூக்காதீர்கள். இதயக் கோளாறு உள்ளவர்கள் மண்வெட்டியைத் தொடவே வேண்டாம். முப்பது சென்டிமீட்டர் ஈரப்பனி ஒரு சதுர மீட்டருக்கு 60 கிலோ வரை கனக்கும் என்பதால் தட்டையான கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அறுந்து கிடக்கும் கம்பிக்குப் பக்கத்தில் போகாதீர்கள்.

கடைசியாக நோட்டு. போன புயலுக்கு என் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது: மூன்றாம் நாள் கணிப்பு 25 முதல் 35 சென்டிமீட்டர், நம்பிக்கை பாதி. விழுந்தது 19. உறைமழை ஒரு மணி நேரம் என்று நினைத்தேன், நான்கு மணி நேரம் பெய்தது. வெப்ப மூக்கை மறுபடி குறைத்து மதிப்பிட்டிருக்கிறேன். மின்சாரம் 11 மணி நேரம் இல்லை. பெரியவர் வீட்டுத் திரைச்சீலை காலை 7.10-க்கு விலகியது. அக்கா பயணத்தை ஒரு நாள் தள்ளிவைத்தாள், இந்த முறை சரியாக.