நார்வே கடலோரக் கப்பல் பயணம்: பெர்கன் முதல் கிர்கெனெஸ் வரை முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

நார்வேயின் பெர்கன் நகரிலிருந்து ஒவ்வொரு நாள் இரவும் ஒரு கப்பல் வடக்கு நோக்கிப் புறப்படுகிறது. கரையை ஒட்டியபடியே 34 துறைமுகங்களில் நின்று நின்று சென்று, ஏழாம் நாள் காலையில் ரஷ்ய எல்லைக்கு அருகிலுள்ள கிர்கெனெஸ் என்னும் சிற்றூரை அடைகிறது. அங்கே சில மணி நேரம் தங்கிவிட்டுத் திரும்பி, பன்னிரண்டாம் நாள் பிற்பகலில் மறுபடியும் பெர்கனுக்கு வந்து சேர்கிறது. ரிச்சர்ட் வித் என்னும் கப்பல் தலைவர் 1893ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் ‘வெஸ்டரோலன்’ என்ற நீராவிக் கப்பலை த்ரோன்ஹைமிலிருந்து ஹம்மர்ஃபெஸ்டுக்குச் செலுத்தியபோது தொடங்கிய வழித்தடம் இது. அதற்கு முன்பு வடக்கேயுள்ள ஊர்களுக்குக் குளிர்காலத்தில் ஒரு கடிதம் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும்.

பெரிய சுற்றுலாக் கப்பல்களை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பயணத்துக்குத் திட்டமிடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். இந்தக் கப்பல்களில் சூதாட்டக்கூடமோ இரவு நடன நிகழ்ச்சியோ கிடையாது. நம்மூர்ப் பாசஞ்சர் ரயிலைப் போல, இவை சரக்கையும் உள்ளூர் மக்களையும் ஏற்றி இறக்கிக்கொண்டே போகின்றன. ஒரு நள்ளிரவில் நான் மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்த்தபோது, கப்பலின் பக்கவாட்டுக் கதவு திறந்திருக்க, மஞ்சள் விளக்கின் கீழ் ஒரு பளுதூக்கி வண்டி புதிய சலவை இயந்திரம் ஒன்றைக் கரையில் இறக்கி வைத்தது. அதற்காகக் காத்திருந்த மனிதர் அதைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கால் மணி நேரத்தில் கதவு மூடியது, கப்பல் நகர்ந்தது. இந்தக் கப்பலின் இயல்பு அதுதான் என்பதைப் புரிந்துகொண்டால், கீழே உள்ள படிகள் எல்லாம் எளிதாக விளங்கும்.

முதல் படி: கால அட்டவணையைப் படியுங்கள்

பயணச்சீட்டு, விசா, உடை ஆகிய எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்ய வேண்டிய வேலை இது. 2021 முதல் ஹூர்டிரூட்டன், ஹவிலா ஆகிய இரண்டு நிறுவனங்கள் இந்த வழித்தடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டும் ஒரே கால அட்டவணையை ஒட்டியே கப்பல்களை இயக்குகின்றன. உங்கள் பயண நாளுக்குரிய அட்டவணையை அச்சிட்டு, ஒவ்வொரு துறைமுகத்துக்கும் எதிரே கப்பல் எத்தனை நிமிடம் நிற்கிறது என்பதைப் பென்சிலால் எழுதுங்கள். பெரும்பாலான ஊர்களில் 15 முதல் 30 நிமிடங்கள்தான் நிற்கும் என்பதும், அவற்றில் பல நடு இரவில் வருகின்றன என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். பட்டியலில் 34 பெயர்கள் இருந்தாலும், வடக்கு நோக்கிப் போகையில் நிதானமாக இறங்கி நடக்கக்கூடியவை த்ரோன்ஹைம், பூடோ, ட்ரோம்சோ, ஹொன்னிங்ஸ்வோக், கிர்கெனெஸ் ஆகிய ஐந்தாறு ஊர்கள்தான். அவற்றை வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

போகும்போது இரவில் கடக்கும் ஊர்கள், திரும்பும்போது பெரும்பாலும் பகலில் வருகின்றன. அட்டவணை அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாம் படி: பருவத்தையும் திசையையும் தேர்ந்தெடுங்கள்

நள்ளிரவுச் சூரியனைக் காண விரும்புவோர் மே மாத நடுப்பகுதிக்கும் ஜூலை இறுதிக்கும் இடையில் செல்ல வேண்டும். வட முனை எனப்படும் நோர்ட்காப் பாறைமுனையில் அந்நாட்களில் சூரியன் மறைவதே இல்லை. இரவு வானில் தோன்றும் வடதிசை ஒளியை (அரோரா) காண விரும்புவோருக்கு செப்டம்பர் இறுதி முதல் மார்ச் வரை ஏற்ற காலம். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது, ஏனெனில் ஒளி தெரிய இருட்டு வேண்டும், கோடையில் இருட்டே இல்லை. முதன்முறை செல்பவருக்கு நான் மார்ச் மாதத்தையே பரிந்துரைப்பேன். மலைகளில் பனி இருக்கும், பகல் பொழுதும் போதிய அளவு நீண்டிருக்கும், இரவும் நன்றாக இருட்டும். மலைகளுக்கிடையே கடல் நுழைந்திருக்கும் கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் கப்பல் போக வேண்டும் என்பவர்கள் மட்டும் கோடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கடற்பள்ளத்தாக்குக்குக் குளிர்காலத்தில் இந்தக் கப்பல் செல்வதில்லை.

பன்னிரண்டு நாளும் செல்ல விடுப்போ பணமோ இல்லாதவர்கள் ஒரு திசையில் மட்டும் செல்லலாம். ஊர்களில் இறங்கிப் பார்ப்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு வடக்கு நோக்கிய ஏழு நாள் பயணம் ஏற்றது, நீண்ட நிறுத்தங்கள் அதில்தான் அதிகம். கப்பலின் மேல்தளத்தில் நின்றபடி மலைகளைப் பார்த்துக்கொண்டே வர விரும்புவோருக்குத் தெற்கு நோக்கிய ஆறு நாள் பயணம் பொருந்தும். வெஸ்டரோலன் தீவுகளும் லோஃபோட்டன் தீவுகளை ஒட்டிய குறுகிய நீர்வழியும் அப்போது பகலில் வருகின்றன. கிர்கெனெஸிலிருந்து ஓஸ்லோவுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம்தான்.

மூன்றாம் படி: விசா

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் பொது விசா முறை கொண்ட ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஆகவே இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 90 நாட்கள் வரை விசா இல்லாமலே சென்றுவரலாம். விண்ணப்பத்தைப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே அளிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். தங்குமிடச் சான்று கேட்கும் இடத்தில் கப்பல் நிறுவனம் தரும் முன்பதிவுச் சான்றை இணைத்து, கப்பலில் ஏறும் நாளுக்கு முன்னும் இறங்கிய பின்னும் தங்கும் விடுதிகளின் சான்றுகளையும் சேர்த்துவிடுங்கள். நாட்களின் வரிசையில் ஓர் இரவு விடுபட்டாலும் கேள்வி வரும்.

நான்காம் படி: அறையும் உணவும்

சாளரம் இல்லாத உள்ளறைதான் விலை குறைந்தது, முதல் பயணத்துக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. பார்க்க வேண்டியவை எல்லாம் இருபுறமும் இருக்கின்றன, அறைச் சாளரமோ ஒரு புறத்தை மட்டுமே காட்டும். அந்த வேறுபாட்டுத் தொகையைக் கரையில் செலவிடலாம். அறையைத் தேர்ந்தெடுக்கும்போது தளப்படத்தைப் பார்த்து, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஒன்றில் கேளுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. சரக்குக் கதவுக்கு அருகில் உள்ள அறையைத் தவிர்த்துவிடுங்கள். அதிகாலை மூன்று மணித் துறைமுகத்தின் சத்தம் முழுவதும் அங்கேதான் கேட்கும்.

சைவ உணவு உண்பவர்கள் முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவித்து, கப்பலில் ஏறிய முதல் நாள் உணவக மேற்பார்வையாளரிடம் நேரிலும் சொல்லிவிட வேண்டும். மீன் சேர்க்கலாமா கூடாதா என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். வடக்கே மீனைப் பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. புளிக்காய்ச்சலோ பருப்புப்பொடியோ ஒரு சிறு பொட்டலம் கையில் இருந்தால் ஆறாம் நாளுக்கு மேல் அதன் அருமை தெரியும்.

ஐந்தாம் படி: உடையும் மருந்தும்

தடித்த கோட்டு ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். உடலை ஒட்டிக் கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஒரு கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி என்று மூன்று அடுக்காக அணியுங்கள். குளிர்காலத்தில் செல்பவர்கள் காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் முள்பட்டையைப் பெர்கனிலேயே வாங்கிவிடுவது நல்லது. ட்ரோம்சோவின் தெருக்களில் உறைந்த பனி கண்ணாடிபோல் இருக்கும்.

பெரும்பாலான நேரம் கப்பல் தீவுகளின் மறைவில் செல்வதால் ஆட்டம் தெரியாது. ஆனால் ஸ்டாட் முனை, கிறிஸ்டியான்சுண்ட் நகருக்கு அருகிலுள்ள ஹுஸ்டாட்விகா, பூடோவுக்கும் லோஃபோட்டனுக்கும் இடையிலுள்ள வெஸ்ட்ஃபியோர்டு, வட முனைக்குக் கிழக்கே உள்ள பாரன்ட்ஸ் கடல் போன்ற இடங்களில் திறந்த கடலைக் கடந்தாக வேண்டும். அட்டவணையில் இவற்றையும் குறித்து வைத்து, குமட்டல் மாத்திரையை அந்த இடம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விழுங்கிவிடுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு மாத்திரை அவ்வளவாக உதவாது.

ஆறாம் படி: பெர்கனில் ஏறுதல்

கப்பல் புறப்படும் நாளிலேயே பெர்கனுக்கு விமானத்தில் வந்து இறங்க வேண்டாம், ஒரு நாள் முன்னதாக வந்துவிடுங்கள். 1979 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக உள்ள ப்ரிக்கென் என்னும் பழைய மரக் கிடங்குகளின் வரிசையைப் பார்க்க அந்த நாள் உதவும். வடக்கேயிருந்து வந்த உலர்மீனை ஜெர்மானிய வணிகர்கள் வாங்கி ஐரோப்பாவுக்கு அனுப்பிய இடம் அது. நீங்கள் போகவிருக்கும் கடல்வழியின் பழைய பொருளாதாரம் முழுவதும் அந்த மரச்சுவர்களுக்குள் இருந்தது.

ஏறும்போது தரப்படும் அட்டைதான் அறைச்சாவி, அடையாளம், கணக்கு எல்லாம். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஏறும்போதும் அதை வாயிலில் பதிவு செய்வார்கள்.

ஏழாம் படி: கரையில் உள்ள நேரத்தைப் பயன்படுத்துதல்

முதன்முறை செல்பவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். கப்பல் நடத்தும் கரைச்சுற்றுலாக்கள் விலை கூடியவை. எல்லா ஊரிலும் அவற்றை வாங்கினால் பயணச்செலவு எங்கோ போய்விடும், எதையும் வாங்காவிட்டால் சில இடங்களைப் பார்க்கவே முடியாது. நான் கடைப்பிடிக்கும் விதி எளியது: பார்க்க வேண்டிய இடம் நடந்து போகும் தொலைவில் இருந்தால் தனியாகப் போகிறேன், இல்லாவிட்டால் கப்பலின் சுற்றுலாவில் சேர்கிறேன்.

ஓலெசுண்டில் நடக்கலாம். 1904ஆம் ஆண்டு ஜனவரி 23 அன்று தீயில் எரிந்து ஏறத்தாழ பத்தாயிரம் பேர் வீடிழந்த ஊர் அது. சில ஆண்டுகளுக்குள் கல்லாலும் செங்கல்லாலும் ஒரே கலைப்பாணியில் திரும்பக் கட்டப்பட்டதால், இன்றும் தெருவுக்குத் தெரு கோபுரங்களும் பூ வேலைப்பாடுகளும் ஒத்த சாயலில் தெரிகின்றன. அக்ஸ்லா குன்றின் 418 படிகளில் ஏற, நிறுத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் மட்டுமே முயலுங்கள். த்ரோன்ஹைமில் நிடாரோஸ் பேராலயத்துக்குத் துறைமுகத்திலிருந்து அரை மணி நேர நடை. ட்ரோம்சோவில் நான்கு மணி நேரம் போலக் கிடைக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுள்ள பாலத்தைக் கடந்தால், 1965இல் கட்டப்பட்ட ஆர்க்டிக் பேராலயத்தின் முக்கோண முகப்பு எதிரே நிற்கும்.

நடந்து போக முடியாதவை இரண்டு. பூடோவுக்கு வெளியே உள்ள சால்ட்ஸ்ட்ரோமன் நீரோட்டம் ஒன்று. சுமார் 150 மீட்டர் அகலமுள்ள இடுக்கு வழியாக ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை 40 கோடி கன மீட்டர் கடல்நீர் புகுந்து சுழல்கிறது. ஆனால் நீரோட்டம் உச்சத்தில் இருக்கும் நேரமும் கப்பல் நிற்கும் நேரமும் பொருந்துகின்றனவா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். மற்றொன்று வட முனை. ஹொன்னிங்ஸ்வோக்கிலிருந்து சாலை வழியே முக்கால் மணி நேரம் சென்றால், 71 பாகை 10 கலை வடக்கு அட்சரேகையில், கடலுக்கு மேல் 307 மீட்டர் உயரத்தில் பாறை முடிந்துவிடுகிறது. ஒரே ஒரு சுற்றுலாவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதற்கே கொடுங்கள்.

லோஃபோட்டன் தீவுகளில் உள்ள ஸ்வொல்வேரில் கப்பலை விட்டு இறங்கியதும் மூக்கு முதலில் வழிகாட்டும். பிப்ரவரி முதல் மே வரை காட் மீன்களை இரண்டிரண்டாக வாலில் கட்டி, ஆளுயரத்துக்கு மேலான மரச்சட்டங்களில் தொங்கவிட்டிருப்பார்கள். கருவாட்டு வாடை அறிந்த நமக்கு அது பழகிய மணம்தான், ஆனால் இதில் ஒரு கல் உப்புகூடச் சேர்ப்பதில்லை. உறைநிலையை ஒட்டிய குளிரும் கடல்காற்றும் மட்டுமே மீனை உலர்த்துகின்றன. ஒரு மீனை விரலால் தட்டிப் பார்த்தேன், காய்ந்த விறகைத் தட்டிய ஓசை வந்தது. இன்னும் வடக்கே, பின்மார்க் கடலோர ஊர்களின் மீன் பதனிடும் ஆலைகளில் ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறார்கள். அப்பகுதியிலுள்ள ஹம்மர்ஃபெஸ்டை நெருங்கும்போது அந்த எண்ணம் எனக்கு வராமல் இருந்ததில்லை.

எந்த ஊரில் இறங்கினாலும், வாயிலில் வைத்துள்ள பலகையில் அன்றைய புறப்படும் நேரத்தைப் பார்த்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றாலோ சரக்காலோ தாமதம் ஏற்பட்டால் நிறுத்த நேரம் குறைக்கப்படும், அச்சிட்ட அட்டவணை அப்போது செல்லாது. தனியாகச் சென்றவருக்காகக் கப்பல் காத்திருக்காது. கடவுச்சீட்டு, வங்கி அட்டை, அன்றாட மருந்து, கப்பலின் தொலைபேசி எண் ஆகிய நான்கும் எப்போதும் உங்கள் உடம்போடு இருக்கட்டும். இவை கையில் இருந்தால், கப்பலைத் தவறவிட்டாலும் சாலை வழியாகவோ விமானத்திலோ அடுத்த துறைமுகத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

எட்டாம் படி: திரும்பும் வழி

கிர்கெனெஸில் பலர் இறங்கிவிடுவதால் தெற்கு நோக்கிய கப்பல் அமைதியாக இருக்கும். இந்த நாட்களில் உறக்க நேரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வடதிசை ஒளி தெரிந்தால் அறையின் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள், அதை அணைத்து வைக்காதீர்கள். ஹார்ஸ்டாட் ஊரிலிருந்து ஸ்வொல்வேர் வரையிலான பகல் முழுவதும் மேல்தளத்தில் இருக்க வேண்டிய பகுதி. ஸ்டோக்மார்க்னெஸில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், கரையில் ஏற்றிக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் வைத்திருக்கும் பழைய கடலோரக் கப்பல் ஒன்றினுள் நடந்து பார்க்கலாம். அடுத்து வரும் ராஃப்ட்சுண்ட் நீர்வழியில் மலைகள் இருபுறமும் நெருங்கி வந்துவிடும். வானிலை இடம்கொடுத்தால், நூறு மீட்டர் அகலமே உள்ள வாயில் வழியாக ட்ரோல்ஃபியோர்டுக்குள்ளும் கப்பல் எட்டிப் பார்த்துவரும்.

பெர்கனை அடையும் நாளில் காலையிலேயே அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். கப்பல் கரை சேர்வது பிற்பகலில்தான், அதுவும் காற்று ஒத்துழைத்தால். அன்று மாலை விமானத்துக்குச் சீட்டு எடுக்காமல், பெர்கனில் இன்னும் ஓர் இரவு தங்கும்படி முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.