மனைவியின் மகள் சீனாவில் இருந்தால்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

என் மனைவி சீனாவின் ஹூனான் மாகாணத்தைச் சேர்ந்தவர். இங்கே வேலை விசாவில் இருந்தபோதுதான் பழக்கம். எங்களுக்குத் திருமணமானபோது அவருடைய மகளுக்கு 10 வயது. சாங்ஷாவில் பாட்டி வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவளுக்கு 14. இடையில் போன காலத்தில் ஒன்றரை வருடம் நான் செய்த ஒரு தப்பால் போனது. அந்தத் தப்பை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது உங்கள் திருமணத் தேதி. பிள்ளைக்கு 18 வயது நிறைவதற்கு முன்பு உங்கள் திருமணம் சட்டப்படி நடந்திருந்தால், அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை உங்கள் பிள்ளை. தத்தெடுக்க வேண்டியதில்லை, உங்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. 18 தாண்டிய பிறகு திருமணம் செய்தால், உங்கள் பெயரில் அந்தப் பிள்ளைக்குத் தனி மனுப் போட முடியாது. அப்போது பெரும்பாலும் தாய் கிரீன் கார்டு வாங்கி, தாயே தன் பெயரில் மனுப் போட வேண்டியதுதான். பிள்ளைக்கு 17 வயது நடக்கிறது, கல்யாணத்தை ஊரில் எல்லாரும் கூடும்போது வைத்துக்கொள்ளலாம் என்று யோசிக்கிறீர்களா? பதிவுத் திருமணத்தை இப்போதே முடித்துவிடுங்கள். விருந்தை எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம்.

இப்போதுதான் எச்-1பி-யில் வந்திருக்கிறீர்கள் என்றால், அதே 18 வயதுக் கணக்கின்படி மனைவியின் பிள்ளைக்கும் எச்-4 என்ற குடும்ப விசா கிடைக்கும். திருமணமாகாமல், 21 வயதுக்குள் இருக்க வேண்டும். அலுவலக வக்கீல் குடும்ப விவரம் கேட்கும்போது சீனாவில் இருக்கும் பிள்ளையின் பெயரையும் எழுதுங்கள். இப்போது அழைத்து வரப்போவதில்லை என்றாலும் எழுதுங்கள். ஒரு படிவத்தில் இருக்கும் பிள்ளை இன்னொரு படிவத்தில் இல்லாமல் போனால், பின்னால் அதற்கு விளக்கம் சொல்லி மாளாது.

நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வேலைவழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு இருக்கிறது. அந்தக் கணக்கு குடியுரிமையை வைத்து இல்லை, பிறந்த நாட்டை வைத்து. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் உங்கள் மனைவி சீனாவில் பிறந்தவர் என்றால், இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது உங்களையும் சீனாவின் வரிசையில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். சீனாவுக்கும் காத்திருப்பு உண்டுதான். ஆனால் இபி-2 என்ற வேலைவழிப் பிரிவில் பல வருடங்களாக அது நம் வரிசையைவிட எவ்வளவோ முன்னால் நிற்கிறது. பிள்ளை பிறந்த நாட்டை வைத்து இப்படிக் கேட்க முடியாது, கணவன் மனைவிக்குள் மட்டும்தான். வக்கீல் தானாகச் சொல்வார் என்று காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள்.

சரி, என் தப்புக்கு வருகிறேன். திருமணமானபோது நான் கிரீன் கார்டில் இருந்தேன். மனைவிக்காக, உறவினரை அழைக்கும் ஐ-130 மனுப் போட்டேன். கிரீன் கார்டுக்காரர் மனைவிக்குப் போடும் மனுவில் பிள்ளையும் தாயோடு ஒட்டிக்கொண்டு வரலாம், தனி மனு தேவையில்லை. அது சட்டப்படி சரிதான். அதனால் பிள்ளைக்கென்று தனியாக நான் எதுவும் போடவில்லை. ஒரு மனுவின் கட்டணம் மிச்சம் என்றுகூட நினைத்தேன். இடையில் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. மனைவியின் மனு தானாக மேல் பிரிவுக்கு மாறியது, அவருக்கு இங்கேயே கிரீன் கார்டும் வந்தது. பிள்ளையின் இடம்தான் காணாமல் போனது. குடிமகனின் மனைவி, குடிமகனின் பிள்ளை எல்லாரும் நெருங்கிய உறவினர் என்ற பிரிவில் வருவார்கள். அந்தப் பிரிவில் ஒருவர் மனுவில் இன்னொருவர் ஒட்டிக்கொள்ள முடியாது. ஆளுக்கு ஒரு மனு வேண்டும். பிள்ளைக்கு முதலிலிருந்து போட்டு, முதலிலிருந்து காத்திருந்தோம். பாட்டியிடம் வீடியோ அழைப்பில் இதைச் சொல்லிப் புரியவைக்க என் மனைவி பட்ட பாட்டை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அதனால், இன்று நீங்கள் கிரீன் கார்டில் இருந்தாலும் சரி, குடிமகனாக இருந்தாலும் சரி, பிள்ளைக்கு முதல் நாளே தனி ஐ-130 போடுங்கள். 2024 ஏப்ரலில் மாற்றிய கட்டணப்படி ஆன்லைனில் 625 டாலர், தாளில் அனுப்பினால் 675. அனுப்பும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு 21 வயது தாண்டிவிடுமோ என்ற பயம் இருப்பவர்களுக்கும் இது நல்லது. குடிமகன் போடும் மனுவில், மனுப் போட்ட நாளில் இருந்த வயதிலேயே பிள்ளையின் வயது நின்றுவிடும். 2002-ல் வந்த சட்டம் அது.

இனி சீனத் தாள்கள். நேரம் அதிகம் பிடிக்கும் இடம் இதுதான்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்புச் சான்றிதழை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதாது. சீனாவில் கோங்ஜெங்சூ என்று ஓர் அலுவலகம் உண்டு, அரசின் நோட்டரி அலுவலகம். அங்கே கொடுத்தால் அவர்கள் மூலத்தைச் சரிபார்த்து, சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் சேர்த்துத் தைத்த சிறு புத்தகமாக ஒரு சான்று தருவார்கள். பிறப்புக்கு ஒன்று, தாயின் விவாகரத்துக்கு ஒன்று, பிள்ளைக்கு 16 வயது ஆகியிருந்தால் போலீஸ் நன்னடத்தைக்கு ஒன்று. ஸ்கேன் செய்ய வசதி என்று அதைப் பிரித்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி வாங்கிவையுங்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை ஹுகோ புத்தகம். நம் ரேஷன் கார்டில் குடும்பத்தார் பெயரெல்லாம் இருப்பதுபோல, அதில் ஆளுக்கு ஒரு பக்கம், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற குறிப்போடு இருக்கும். எங்கள் பெண்ணின் பக்கம் தாத்தாவின் புத்தகத்தில் இருந்தது, என் மனைவியின் பக்கம் வேறு ஊரில் ஒரு புத்தகத்தில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், மனைவியின் பக்கத்தில் திருமண நிலை இன்னும் 'மணமானவர்' என்றே கிடப்பது தெரிந்தது. முதல் கணவரோடு விவாகரத்து ஆன பிறகு யாரும் போய் மாற்றவில்லை. முதலில் அதைத் திருத்திவிட்டுத்தான் மற்றதை ஆரம்பித்தோம். நீங்களும் ஹுகோவின் எல்லாப் பக்கங்களையும் முதல் வாரமே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

பாட்டி சொல்லும் வயதையும் பிறந்த நாளையும் நம்பிப் படிவம் நிரப்ப வேண்டாம். பழைய தலைமுறை சந்திர நாட்காட்டியில் பிறந்த நாள் சொல்வார்கள், வயதை ஒன்றோ இரண்டோ கூட்டியும் சொல்வார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் கணக்கு.

அப்புறம், பெற்ற தகப்பன். சீனாவில் விவாகரத்து இரண்டு வழியில் நடக்கும். இருவரும் ஒத்துக்கொண்டு குடிமை விவகார அலுவலகத்தில் பதிவு செய்வது ஒன்று, நீதிமன்றத்தில் முடிப்பது இன்னொன்று. முதல் வழி என்றால் சான்றிதழோடு ஓர் ஒப்பந்தத் தாளும் இருக்கும், பிள்ளையை யார் வளர்ப்பது என்பது அதில்தான் எழுதியிருக்கும். சான்றிதழை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தைத் தொலைத்தவர்கள் பலர். இன்னொன்று: தாயிடம் வளரட்டும் என்று எழுதியிருந்தாலும், விவாகரத்துக்குப் பிறகும் தகப்பனுக்குப் பிள்ளை மேல் உரிமையும் கடமையும் உண்டு என்றுதான் சீனக் குடிமைச் சட்டத்தின் 1084-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே பிள்ளை அமெரிக்காவில் குடியேறத் தனக்குச் சம்மதம் என்று அவரிடம் நோட்டரி அலுவலகத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். அதிகாரி கேட்கலாம், கேட்காமலும் போகலாம். கேட்ட பிறகு அலைவது கஷ்டம்.

அந்தத் தகப்பனிடம் நீங்கள் பேச வேண்டாம், பிள்ளையின் தாய் பேசட்டும். இல்லையென்றால் பாட்டி பேசட்டும். எங்கள் விஷயத்தில் பாட்டிதான் பேசினார். வருடத்துக்கு ஒருமுறை பிள்ளையைப் பார்க்க முடியுமா என்று மட்டும் தகப்பன் கேட்டாராம். முடியும் என்றோம். அடுத்த வாரமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவரும் ஒரு தகப்பன் என்பதை மறந்துவிட்டு இந்த வேலையை நடத்தக்கூடாது.

தாய் அமெரிக்காவில் இருந்துகொண்டு பாட்டிக்கு அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டியிருக்கும். முன்பெல்லாம் அதற்குச் சீனத் தூதரக முத்திரை வரை போக வேண்டும். 2023 நவம்பர் 7 முதல் சீனாவும் அப்போஸ்டில் முறையை, அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாக ஒரே சான்று முத்திரை போதும் என்ற முறையை, ஏற்றுக்கொண்டுவிட்டது. இங்கே நோட்டரி, பிறகு மாநிலச் செயலர் அலுவலகத்தின் அப்போஸ்டில், அவ்வளவுதான்.

பெயர் விஷயத்தில் நம் வீட்டுக் கதை தனி. சீனப் பெண்கள் திருமணத்துக்குப் பிறகு குடும்பப் பெயரை மாற்றுவதில்லை. பிள்ளைக்குப் பெரும்பாலும் தகப்பனின் குடும்பப் பெயர். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் பாஸ்போர்ட்டில் போட்டிருப்போம். ஆக ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கடைசிப் பெயர். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது, ஆனால் உறவைத் தாள்தான் சொல்ல வேண்டும்: பிள்ளையின் பிறப்புச் சான்றில் தாய் பெயர், உங்கள் திருமணச் சான்றில் அதே தாய் பெயர், அதே எழுத்துக்கூட்டலில். லூ என்ற குடும்பப் பெயர் இருக்கிறது. பழைய தாள்களில் எல், வி என்று இரண்டே எழுத்தில் இருக்கும், புதிய பாஸ்போர்ட்டில் எல், ஒய், யு என்று வரும். அப்படி இருந்தால் இரண்டும் ஒன்றே என்று நோட்டரிச் சான்று ஒன்று வாங்குங்கள். ஐ-130-ல் பிள்ளையின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்திலும் கேட்பார்கள். குடியேற்ற விசாவுக்கான டிஎஸ்-260 படிவத்தில் டெலிகோடு உண்டா என்று ஒரு கேள்வி வரும். ஒவ்வொரு சீன எழுத்துக்கும் இருக்கும் நான்கு இலக்க எண் அது, மனைவி பார்த்துச் சொல்லிவிடுவார்.

பணப் பொறுப்புப் பத்திரமான ஐ-864-ஐப் பிள்ளைக்குத் தனியாகப் போட வேண்டும். உங்கள் குடும்ப அளவுக்கு அரசு வைத்திருக்கும் வறுமைக் கோட்டில் 125 சதவீத வருமானம் காட்டினால் போதும், குறைந்தால் இன்னொருவர் சேர்ந்து கையெழுத்திடலாம். விவாகரத்து ஆனாலும் இந்தப் பொறுப்பு உங்களை விடாது, தெரிந்து கையெழுத்திடுங்கள்.

சீன நிலப்பரப்பில் குடியேற்ற விசாவுக்கு நேர்காணல் நடப்பது குவாங்ஜோ துணைத் தூதரகத்தில் மட்டும்தான். மருத்துவப் பரிசோதனையும் அவர்கள் குறித்திருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும். மனைவி இங்கிருந்து போய் மகளை அழைத்துச் சென்றார். அதிகாரி எங்கள் குடும்பப் படத்தைக் காட்டி, இவர் யார் என்று சீன மொழியிலேயே கேட்டிருக்கிறார். இவள் 'ஷூஷு' என்றாளாம். எங்கள் வீட்டில் அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள், அப்பாவின் தம்பியைக் கூப்பிடும் சொல். மனைவிக்கு உள்ளூரப் பதற்றம், அப்பாவின் தம்பி என்று எழுதிவிடுவாரோ என்று. அதிகாரிக்கு அந்த வழக்கம் தெரிந்திருந்தது, தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். போனில் இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நம் ஊரிலும் அம்மாவின் இரண்டாவது கணவரைச் சித்தப்பா என்றுதானே கூப்பிடுகிறோம். பிள்ளைக்கு அப்பா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். வீட்டில் எப்படியோ அப்படியே சொல்லட்டும்.

உங்கள் திருமணமாகி இரண்டு வருடம் ஆவதற்குள் பிள்ளை வந்து இறங்கினால் இரண்டு வருடக் கார்டுதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுப் போட வேண்டும். தாயோடு சேர்ந்தோ 90 நாள் இடைவெளிக்குள்ளோ வந்திருந்தால் தாயின் மனுவிலேயே பிள்ளையையும் சேர்க்கலாம்.

வந்தவுடன் பள்ளிக்கூடம். சீனாவில் கொடுத்த தடுப்பூசிப் புத்தகத்தை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லையென்றால் போட்ட ஊசியையே மறுபடி போடுவார்கள். தத்தெடுக்காத வளர்ப்புத் தகப்பன் எதற்கெல்லாம் கையெழுத்துப் போடலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பள்ளிக்கும் மருத்துவருக்கும் காட்ட, உங்களுக்கு அதிகாரம் தந்து தாய் நோட்டரி முன் எழுதிய கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் குடியுரிமை. நீங்கள் குடிமகன் என்பதால் மனைவியின் பிள்ளைக்கு அது தானாக வராது. நீங்கள் தத்தெடுத்தால் வழி உண்டு, அதைப் பொதுவாகப் பிள்ளைக்கு 16 ஆவதற்கு முன் செய்ய வேண்டும், பெற்ற தகப்பனின் சம்மதமும் பெரும்பாலும் தேவைப்படும். எளிய வழி, தாய் குடியுரிமை எடுப்பது. பிள்ளை 18 வயதுக்குள், கிரீன் கார்டோடு, தாயின் பொறுப்பில் இங்கே வாழ்ந்துகொண்டிருந்தால் தாய் உறுதிமொழி எடுக்கும் நாளிலேயே பிள்ளையும் குடிமகனாகிவிடும். சீனா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் தாயும் மகளும் முதலில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கட்டும். எடுத்துவிட்டால் அடுத்து அமெரிக்கப் பாஸ்போர்ட். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பெற்றோர் இருவரின் சம்மதமோ, ஒருவருக்கே முழு உரிமை என்ற ஆதாரமோ கேட்பார்கள். அங்கேயும் வளர்ப்புத் தகப்பனின் கையெழுத்து செல்லாது. ஹூனானில் இருக்கும் அந்தத் தகப்பனிடம் மறுபடி ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை பார்க்கலாம் என்று சொன்னதை நாங்கள் காப்பாற்றியிருந்தோம், அதனால் கேட்பதற்குக் கூச்சமாக இல்லை.