எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு: எனக்கு உதவிய சிகிச்சை
தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வாழும் எனக்கு, உணர்ச்சிகளும் உறவுகளும் நிலைகொள்ளாமல் தடுமாறும் இக்கோளாறு இருப்பதாகக் கண்டறிந்த மருத்துவர், இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை என்றும், பேச்சுவழிச் சிகிச்சையே முதன்மையானது என்றும் விளக்கினார். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி (இயங்கியல் நடத்தைச் சிகிச்சை) என்ற பேச்சுவழிச் சிகிச்சையில், தனி அமர்வுகளோடு குழுவாகவும் திறன்களைப் பயின்றேன். கைவிடப்படுவோமோ என்ற அச்சம் பொங்கும்போது, அங்கே கற்றபடி முகத்தைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்திச் சிறிது நேரம் மூச்சை அடக்கினால் இதயத் துடிப்பு தணிகிறது. அந்த இடைவெளியில்தான் கோபமான குறுஞ்செய்தியை அனுப்பாமல் நிறுத்த முடிந்தது. (இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே இதைச் செய்ய வேண்டும்.) காவடி நேர்த்தியை மட்டுமே நம்பியிருந்த அம்மாவும் குடும்ப அமர்வுக்கு வந்து, அறிவுரைக்கு முன் என் வேதனையைக் காதுகொடுத்துக் கேட்கப் பழகினார், அதுவே எனக்குப் பெருந்துணை. தனியார் கட்டணம் இயலாதோர் சாடாக் (தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழு) அமைப்பின் தொலைபேசி ஆலோசனையையும் ஆதரவுக் குழுக்களையும் நாடலாம்.