ஆஸ்டர் வாங்குகிறீர்களா? பெயரின் முதல் சொல்லைப் பாருங்கள்

ஆஸ்டர் விதைப் பைக்கற்றோ பூங்கன்றோ வாங்கும்போது முன்பக்கப் படத்தில் மயங்காமல், பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் தாவரவியல் பெயரின் முதல் சொல்லைப் பாருங்கள். கலிஸ்டெபஸ் என்றிருந்தால் அது சைனா ஆஸ்டர். ஒரு பருவம் பூத்ததோடு பட்டுப்போகும், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் திரும்பத் தளிர்க்காது. சிம்பியோட்ரிகம் என்றாலோ ஆஸ்டர் என்றே இருந்தாலோ பெரும்பாலும் பல்லாண்டுச் செடி. தூரைப் பிரித்து நட்டே பெருக்கலாம், ஒவ்வொரு முறையும் காசு கொடுக்கத் தேவையில்லை.

சூரியகாந்திக் குடும்பத்தில் நட்சத்திரம் போல விரிகிற பலவற்றை முன்பு ஆஸ்டர் என்ற ஒரே பேரினத்தில் போட்டு வைத்திருந்தார்கள். தாவரவியல் பெயரின் முதல் சொல் இந்தப் பேரினத்தின் பெயர்தான். 1990களில் வட அமெரிக்க இனங்களைப் பிரித்தபோது நோவி-பெல்ஜி, நோவே-ஆங்கிலியே என்ற இரண்டு இனங்களும் சிம்பியோட்ரிகம் ஆகிவிட்டன, ஐரோப்பாவில் வளரும் அமெல்லஸும் அல்பினஸும் பழைய பெயரிலேயே நிற்கின்றன. சைனா ஆஸ்டரோ தனிக்கட்டை, அதன் பேரினத்தில் அந்த ஓர் இனம்தான். ஆனால் கடையில் எல்லாமே ஆஸ்டர்!

பெயர் ஒட்டாத சாடிக் கன்றுக்கு இந்த வழி உதவாது. அப்புறம், பல்லாண்டு வகை என்று கூடுதல் விலை கொடுக்கவும் வேண்டாம், குளிர்நாட்டுச் செடி எங்கள் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலைத் தாண்டுவது கடினம். இங்கே சைனா ஆஸ்டரே போதும், தை மாசியில் பூக்கிற மாதிரி நாற்றுப் போடுங்கள். பழைய விதை மட்டும் வேண்டாம், முளைப்பு சீக்கிரம் குறைந்துவிடும்.